சாலம்மாள் நிறுத்திய பொடி

சாலம்மாளின் புருஷன் சென்றாயனுடைய நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டால் நன்றாகவே கேட்கும். கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தது மாதிரி, டிக், டிக் என்று. 1973-ல் மதராஸில் அவன் நெஞ்சைப் பிளந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு, கூண்டுக்குள் பந்து உருளுகிற மாதிரி ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள்.

"உள்ள வண்டி ஓடுதுங்க" என்பாள் சாலம்மாள்.

"ஓடட்டும் புள்ள. நின்னாத்தான் நீ கொடி காட்டணும்."

சென்றாயன் ரயில்வேயில் கேங்மேன். பொம்மிடியிலிருந்து வடக்கே ஐந்து மைல் தண்டவாளத்தைச் சுத்தியலோடு நடந்தே பார்த்தவன். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது அவனுக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டையில் நாலு தாண்டினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். காடு உழுகிறவனாக இருந்தால் அப்படியே செத்திருப்பான். ரயில்வே ஆளாக இருந்ததால் பாஸ் கொடுத்து, மதராஸுக்கு அனுப்பி, ஆபரேஷனும் செய்தார்கள். திரும்பி வந்தவனுக்குச் சுத்தியல் வேலை கூடாது என்று கேட் கீப்பர் வேலை தந்தார்கள். பொம்மிடிக்கு வடக்கே இரண்டாவது கேட். ஒரு அறை வூடு, வாசலில் முருங்கை மரம், ஆடு இரண்டு. ஒரே பெண்ணைக் கம்பைநல்லூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மாட்டு வண்டிகளும் நாளுக்கு இரண்டு தரம் பஸ்ஸும் கேட்டைக் கடக்கும். மற்ற நேரமெல்லாம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மதராஸ் டாக்டர் அனுப்பும்போது சொன்னது இது. உள்ளே இருப்பது வெளிப்பொருள். ரத்தம் அதன்மேல் பட்டால் கட்டியாகப் பார்க்கும். கட்டினால் பந்து நின்றுவிடும், இல்லாவிட்டால் கட்டி மூளைக்குப் போய் அடைக்கும். அதனால் ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை மதராஸ் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எத்தனை மாத்திரை என்று அட்டையில் எழுதுவார்கள். கீரை வேண்டாம், நாட்டு மருந்து வேண்டாம்.

சென்றாயன் இதை ரயில்வே உத்தரவாக எடுத்துக்கொண்டான். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, மாத்திரையை விழுங்கி, அட்டை இருந்த மஞ்சப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்குப் போவான்.

சாலம்மாள் காதில் விழுந்தது வேறு. அவள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரி. ஒருத்தன் இளைத்துப் போனால் அங்கே கேட்கிற முதல் கேள்வி, ரத்தம் சுண்டிப் போச்சா என்பதுதான். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊற வேண்டும், காமாலையில் படுத்தவனுக்கு ரத்தம் ஊற வேண்டும், வயதுக்கு வந்த பெண்ணுக்கும் ஊற வேண்டும். ரத்தம் நீராகப் போய்விட்டால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம். அப்படி இருக்க, ஒரு பெரிய டாக்டர் வேண்டுமென்றே மாத்திரை கொடுத்து ஒருத்தன் ரத்தத்தை நீராக்குவார் என்பது அவளுக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பிடிபடவில்லை. கண்ணெதிரே பார்க்கவும் செய்தாள். சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறினால் அரை மணி நேரம் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கதவு இடித்தால்கூடக் கையில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போகும்.

பொம்மிடிச் சந்தையில் சின்னம்மாள் என்று ஒரு கிழவி மூட்டை விரிப்பாள். சித்தேரி மலையடிவாரத்துக்காரி. வேர், பட்டை, பொடி எல்லாம் அவளிடம் கிடைக்கும். 1974 பொங்கல் கழிந்த சந்தையில் சாலம்மாள் அவளிடம் போய் உட்கார்ந்தாள்.

"வூட்டுக்காரருக்கு ரத்தம் நீராப் போவுதுங்க ஆயா."

"ஏம் புள்ள, நல்லா ஆக்கிப் போடறியா இல்லியா?"

"போடறனுங்க. ஆஸ்பத்திரி மாத்திரைதான் அப்பிடிப் பண்ணுது."

"மாத்திரைன்னா அப்பிடித்தான். இந்தா, முருங்கை இலை, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி. நெழல்ல காயவெச்சு நானே இடிச்சது. வெறும் வயித்துல ரெண்டு கரண்டி. ஒரு மண்டலம் குடு, அப்புறம் உன் புருஷன் உன்னைத் தூக்கிக்கினு மலையேறலன்னா என்னைக் கேளு."

பக்கத்தில் புளி விற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் சொன்னதை சாலம்மாள் மீறியதாக நினைக்கவில்லை. கீரை கூடாது என்றார்கள், சரி. வாசலில் இருந்த முருங்கையிலிருந்து அன்று முதல் ஒரு கொத்துக்கூடக் குழம்புக்குக் கிள்ளவில்லை. தழையெல்லாம் ஆட்டுக்குப் போயிற்று. கீரை என்பது சட்டியில் வெந்து சோற்றோடு பிசைகிற பண்டம். இதுவோ காயவைத்து, இடித்து, துணியில் சலித்து, அளந்து கொடுப்பது. நாட்டு மருந்து என்றால் அவளுக்கு வைத்தியர் கொடுக்கிற செந்தூரமும் பற்பமும்தான். சின்னம்மாள் பொடி இரண்டிலும் சேராது. இருந்தாலும் சென்றாயனிடம் சொல்லவில்லை. சொன்னால் அட்டையை எடுத்துக்கொண்டு பொம்மிடி டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டு வருவான், அவன் அப்படிப்பட்ட ஆள்.

காலைக் கூழில் கலந்துவிட்டாள். ராகிக் கூழுக்குள் கரிசலாங்கண்ணியின் கருப்பு பெரிதாகத் தெரியாது.

"என்ன புள்ள, கூழு கறுத்துக் கெடக்குது?"

"புது ராகிங்க. நெறம் அப்பிடித்தான்."

ஒரு மாதத்தில் கன்றிப் போவது நின்றது. சவரக் கீறல் துணி வைத்ததும் உறைந்தது. சாலம்மாளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மண்டலம் முடிந்தும் நிறுத்தாமல் சந்தைக்குச் சந்தை பொடி வாங்கினாள்.

மதராஸில் கதை வேறாக இருந்தது. ஒரு மாத்திரையில் இருந்தவனுக்கு ஒன்றரை ஆக்கினார்கள், பிறகு இரண்டு. அந்த வருஷ தீபாவளிக்குள் மூன்று. ஒவ்வொரு முறையும் சென்றாயன் தொங்கிய முகத்தோடு வந்து இறங்குவான்.

"ரத்தம் இன்னும் கெட்டியாத்தான் இருக்குதாம். 'மாத்திரையை வாயில போடறியா, தண்டவாளத்துல போடறியா'ன்னு கேக்கறாரு புள்ள. அத்தனை பேர் முன்னால."

"விடுங்க. அவரு வாயி அப்பிடி."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் விட்டிருப்பனா நானு?"

விட்டதில்லைதான். அதற்குச் சாட்சி குப்புராஜ். பொம்மிடி பஜாரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவன், நாற்பது வயது, ஒல்லி, மூக்குக் கண்ணாடியை நூல் கட்டி மாட்டியிருப்பான். சென்றாயனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மூன்று விதமான மாத்திரைகளை மொத்தமாக ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவார்கள். முதல் மாதமே குழம்பிப் போனவன் குப்புராஜிடம் போய் நின்றான். அன்றிலிருந்து வாரா வாரம் குப்புராஜ் அட்டையைப் பார்த்து, நாளுக்கு ஒன்றாக ஏழு பொட்டலம் மடித்து நூல் சுற்றிக் கொடுப்பான். அதற்குக் கைம்மாறு என்று அவன் எதுவும் வாங்கியதில்லை. சாலம்மாள்தான் காய்க்கிற காலத்தில் ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தனுப்புவாள்.

1975 பிப்ரவரியில் சாலம்மாளும் மதராஸ் போனாள். வூட்டில் என்ன சாப்பாடு என்று கேட்க வேண்டும், சம்சாரத்தை அழைத்து வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் காட்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் புருஷனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எச்சில் வழிய வழிய அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கும் வால்வுதாங்களா?" என்று சாலம்மாள் கேட்டாள்.

"ஆமாம்மா. நல்லாத்தான் இருந்தாரு. நான்தான் உடம்பு தேறட்டும்னு தழை கஷாயம் வெச்சுக் குடுத்தேன். ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடுச்சாம். கீரையும் தழையும் இந்த மாத்திரையைக் கொன்னுடுமாம். எனக்கு யாரு சொன்னா? கீரைன்னாங்க. கஷாயம்னு சொல்லலியே!"

பெயர் கூப்பிட்டதும் புருஷன் பின்னாலேயே சாலம்மாள் உள்ளே போனாள்.

"என்னம்மா குடுக்கறே இவருக்கு?" என்றார் டாக்டர்.

"களி, சோறு, பருப்புங்க."

"கீரை?"

"சத்தியமா இல்லைங்க."

சென்றாயன் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். ஒரு வருஷமாக, தான் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியவன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தப்பைச் செய்தது நான்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு, அட்டையில் நான்கு என்று எழுதினார்.

"நாலா?" என்றான் குப்புராஜ் மறுநாள், அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. இரண்டு தரம் பார்த்தான். "நாலுதான் போட்டிருக்கு. சரி, சாமி பேரைச் சொல்லி முழுங்கு."

அதே காலையில் சாலம்மாள் மீதி இருந்த பொடியை முருங்கை மரத்தடியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினாள். இனிமேல் ஒரு சிட்டிகை கிடையாது. கூழ் பழைய நிறத்துக்கு வந்தது. யாருக்கும் தெரியாமல் செய்ததை யாருக்கும் தெரியாமலே சரி செய்துவிட்டதாக நினைத்தாள். அந்த ஒரு வாரம் நன்றாகத் தூங்கினாள்.

இரண்டாவது வாரம் பல் விளக்கும்போது சென்றாயன் துப்பியதில் சிவப்பு இருந்தது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. அவன் பயப்படவில்லை. சந்தோஷமாகக் கூட இருந்தான்.

"பாத்தியா, மாத்திரை இப்பத்தான் பிடிக்குது. இனிமே அந்த டாக்டர் வாயைத் தொறக்கட்டும், பேசிக்கறேன்."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. பொடியை நிறுத்தியதால் மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது. அவ்வளவு தூரம் சரியாகவே நினைத்தாள். எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் நினைக்கவில்லை. மதராஸ் போக இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பொடியை நிறுத்திய இருபத்திரண்டாம் நாள் காலை பஸ்ஸை விட்டுவிட்டு கேட்டைத் திருப்பும்போது இரும்புக் குழாய் சென்றாயன் நெற்றியில் இடித்தது. பலமான இடி ஒன்றும் இல்லை. தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். பத்து மணிக்குத் தலை வலிக்கிறது என்றான். பதினொரு மணிக்கு வாந்தி எடுத்தான். தண்ணீர்ச் சொம்பை நீட்டினால் இடது கை மேலே வரவில்லை. "சாலா" என்று கூப்பிட்டது குழறிக்கொண்டு வந்தது.

சேலம் போகிற பாசஞ்சர் வருகிற நேரம். சாலம்மாள் தகரப் பெட்டியிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு நடுவில் போய் நின்றாள். டிரைவர் ஊதிக்கொண்டே வந்தான். அவள் நகரவில்லை. வண்டி அவளுக்கு முப்பது அடி தள்ளி நின்றது. கார்டு திட்டிக்கொண்டே இறங்கி வந்து, சென்றாயனைப் பார்த்ததும் திட்டை நிறுத்திவிட்டு இரண்டு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கி ஏற்றினார். பொம்மிடியில் வண்டி நின்றபோது சென்றாயனின் அண்ணன் பெரியண்ணனுக்குச் சொல்லி அனுப்ப, அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

சேலம் ஆஸ்பத்திரியில் நரைத்த டாக்டர் ஒருவர் பார்த்தார். பார்த்ததும் ஊசி போடச் சொன்னார். பிறகு வெளியே வந்து கேட்டார்.

"ரத்தம் தண்ணி மாதிரி இருக்கு. மண்டைக்குள்ள கசிஞ்சிருக்கு. தினம் எத்தனை மாத்திரை சாப்பிட்டாரு?"

அட்டை சாலம்மாளின் மடியில் மஞ்சப் பைக்குள் இருந்தது.

"தெரியலைங்க. கம்பவுண்டர்தான் பொட்டலம் போட்டுக் குடுப்பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் பொய் என்று எடுத்துக் காட்ட ஒரு வார்த்தை கிடையாது, எண்ணிக்கை தெரியாது என்பதைத் தவிர.

"எந்தக் கம்பவுண்டர்?" என்று பெரியண்ணன் திரும்பினார்.

"பச்சிலை, பொடி, கஷாயம் எதாவது குடுத்தீங்களா?" டாக்டர் விடவில்லை.

"இல்லைங்க."

"ஏன் கேக்கறேன்னா, சில வூட்டுல தழை குடுத்துக்கிட்டே இருப்பாங்க. மாத்திரை பிடிக்காது. டாக்டரு காரணம் தெரியாம கூட்டிக்கிட்டே போவாரு. அப்புறம் ஒரு நாள் பயந்துபோய்த் தழையை நிறுத்திடுவாங்க, அதையும் யாருகிட்டயும் சொல்லாம. கூட்டின மாத்திரை பூராவும் ஒரேயடியா வேலை செய்யும். குடுத்தது ஒரு தப்புன்னா சொல்லாம நிறுத்தினது இன்னொண்ணு."

"இப்ப என்ன ஊசிங்க போட்டிருக்கு?" என்று பெரியண்ணன் கேட்டார்.

"கீரையில இருக்குதே, அந்தச் சத்துதான். ரத்தம் உறையறதுக்கு. நேரத்துல வேலை செஞ்சாச் சரி."

சாலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று பெரியண்ணன் நினைத்தார். அவள் அழவில்லை. மரத்தடியில் கொட்டி மூடிய பொடி எவ்வளவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அரைப்படி இருக்கும்.

மூன்றாம் நாள் காலை சென்றாயனுக்குள் ஓடிய சத்தம் நின்றது. பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரியண்ணன் பொம்மிடி பஜாருக்குப் போய்க் குப்புராஜின் சட்டையைப் பிடித்தார். "எங்க தம்பிக்கு எத்தனை மாத்திரைடா போட்டுக் குடுத்தே?"

"அட்டையில நாலுன்னு இருந்துச்சுங்க. அட்டையைக் கொண்டாந்து பாருங்க!"

"அட்டை ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சு. நீ எண்ணத் தெரியாம போட்டுத்தான் அவன் மண்டைக்குள்ள ரத்தம் கொட்டிச்சு!"

அட்டை போயிடுச்சு என்று அவருக்குச் சொன்னது சாலம்மாள். ஒரு மாதத்தில் பஜார் பூராவும் பேச்சு ஒன்றாகிவிட்டது. அந்தக் கம்பவுண்டர் கையால் மருந்து வாங்கினால் சாவுதான். பஜார் டாக்டர் தன் பிழைப்பைப் பார்த்தார். குப்புராஜை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாலம்மாளுக்கு மறு வருஷம் ரயில்வேயில் வேலை கிடைத்தது. பொம்மிடி ஸ்டேஷனில் பாசஞ்சர் வரும்போது வாளியும் குவளையுமாகப் போய் ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறை. மஞ்சப் பையை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள். எரித்துவிடலாம் என்று இரண்டு தரம் அடுப்பு வரைக்கும் கொண்டுபோனாள். அதில் சென்றாயன் பெயர் எழுதியிருந்தது. திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

குப்புராஜ் தினமும் காலை வண்டியில் மொரப்பூர் போய் வந்தான். அங்கே உரக்கடை ஒன்றில் மூட்டை இறக்குகிற இடத்தில் நிற்கிற வேலை. அவன் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் நிற்பான், சாலம்மாள் மற்றக் கோடிக்குப் போய்விடுவாள். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

1977 கோடையில் ஒரு நாள் வண்டி தாமதம். நல்ல வெயில். அவனே அவளிடம் வந்து குனிந்து இரண்டு கையையும் ஏந்தினான். அவள் ஊற்றினாள். குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேம்மா."

"சொல்லுங்க."

"என்னை மன்னிச்சுடு. நாலுதான் எண்ணிப் போட்டேன்னு அப்ப அடிச்சுச் சொன்னேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. அந்த வாரம் டாக்டர்கிட்ட கூட்டம். மடிக்கும்போது யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க. கை தவறியிருக்கும். இத்தனை பேரு சொல்றாங்கன்னா தவறித்தான் இருக்கும். ஒரு உசிரு போயிடுச்சு என் கையால."

சாலம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். அரிசி டின்னை நகர்த்தி, பையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். குப்புராஜ் அட்டையை வெளியே எடுத்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். தேதியைப் பார்த்தான். விரலை அந்த நான்கின் மேல் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது எங்க இருந்துச்சு?"

"என்கிட்டத்தாங்க."

"ரெண்டு வருசமாவா?"

"ஆமாங்க." பிறகு பொடியைச் சொன்னாள். சந்தை, கூழ், காட்பாடிக்காரி, மரத்தடி, சேலம் டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் வண்டி வந்து நின்று, ஜன்னல்களில் கைகள் நீண்டு, தண்ணீ, தண்ணீ என்று கூப்பிட்டு, வண்டி போய்விட்டது. குப்புராஜ் ஏறவில்லை.

"வா" என்றான்.

"எங்கங்க?"

"என் வூட்டுல சொல்லு. அப்புறம் பெரியண்ணன்கிட்ட சொல்லு. என்கிட்ட மட்டும் சொல்லி என்ன பண்றது?"

குப்புராஜின் பெண்டாட்டி குள்ளம்மாள் வாசலில் கூலிக்குப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் திரும்பி வந்ததையும் பின்னால் வந்தவளையும் பார்த்துவிட்டு, கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைக்காமலே என்ன சங்கதி என்று கேட்டாள். சாலம்மாள் நின்றுகொண்டே இன்னொரு தரம் முதலிலிருந்து சொன்னாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல நீ?" என்று குள்ளம்மாள் கேட்டாள்.

"அவரு ஒரு நாள்கூட மாத்திரையை விட்டது கெடயாதுங்க. நான்தான் கெடுத்தேன்னு எப்பிடிங்க சொல்லுவேன்..."

"இவரும்தான் ஒண்ணுகூட விட்டு எண்ணுனது இல்ல" என்றாள் குள்ளம்மாள். "போன வருசத்துல இருந்து அரிசி அளந்து போடச் சொன்னாக்கூட ரெண்டு தரம் அளக்கறாரு."

குப்புராஜ் அட்டையை மடிக்காமல் கையிலேயே பிடித்திருந்தான்.

குள்ளம்மாள் புளிக் கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். "நடங்க. பெரியண்ணன் வூட்டுல இருக்கற நேரந்தான். நானும் வர்றேன். அவன் முகத்தை நான் பாக்கணும்."

மூன்று பேரும் தெருவில் இறங்கினார்கள். குள்ளம்மாள் முன்னால் போனாள். சாலம்மாள் கடைசியாக நடந்தாள். பெரியண்ணன் வூட்டுக்குப் பஜார் வழியாகத்தான் போக வேண்டும்.